கோணேசர் மலையில் நின்று திமிங்கிலம் பார்த்துப் பதிவது எப்படி?

திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் படகு ஏறத்தான் வேண்டும் என்றில்லை. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றாலே, பருவமும் கடலும் ஒத்துழைத்தால், நீலத் திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும்பும் புகை போன்ற தூவல் வெறுங்கண்ணுக்குத் தெரியும். கரையில் நின்றபடி நீலத் திமிங்கிலத்தைப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகத்திலேயே அதிகம் இல்லை. கும்பிட வருகிறவர்கள், கடை போட்டிருப்பவர்கள், விடியற்காலையில் வள்ளம் இறக்குகிறவர்கள் என்று பலரும் பார்க்கிறார்கள். பார்த்ததை எழுதி வைக்கிறவர்கள்தான் குறைவு. நாலைந்து பேர் சேர்ந்து ஒழுங்காகப் பார்த்து, எழுதி, உரிய இடத்துக்கு அனுப்புவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். உயிரியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பி, பேனை, போன் இருந்தால் தொடங்கலாம்.

முதலில், ஏன் இந்த இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். துறைமுகத்துக்குள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வெளியே போகப்போக 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. அதனால் ஆழ்கடலில் திரியும் உயிர்கள் இங்கே கரைக்குக் கிட்ட வருகின்றன. மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் இரை தேடிக் குளிர்ந்த கடலுக்குப் போகும். வட இந்து சமுத்திரத்தில் இருப்பவை ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே இவற்றை விருந்தாளி என்று நினைக்காதீர்கள், இவை இந்தக் கடலின் சொந்தக்காரர்கள். 1980களின் தொடக்கத்தில் டுலிப் என்ற பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களைப் பதிவு செய்தார்கள். பிறகு போர் வந்தது, அந்த வேலை நின்றது. எழுதப்படாமல் போன அந்த ஆண்டுகளை இனி யாராலும் நிரப்ப முடியாது. எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் இதுதான்.

படி 1: மாதம், நேரம், வெளிச்சம்

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாகும் மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வரை பார்க்கலாம். புதியவர்களுக்கு மார்ச், ஏப்ரல் நல்லது. கச்சான் காற்று பலமாக வீசத் தொடங்கிவிட்டால் கடலில் வெள்ளை நுரை எழும்பிவிடும், திமிங்கிலத்தின் மூச்சையும் நுரையையும் பிரித்தறிவது கஷ்டம்.

நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. காலையில் கடல் அமைதியாக இருக்கும், ஆனால் மலை கிழக்குப் பார்த்தது, சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். பின்னேரம் சூரியன் முதுகுப்பக்கம் போய்விடும், ஆனால் காற்று எழும்பியிருக்கும். என் விருப்பம் காலைதான். சூரியன் தண்ணீரில் மின்னும் பகுதியை விட்டுவிட்டு, அதற்கு வடக்கேயும் தெற்கேயும் பாருங்கள். வெயில் ஏறி மினுக்கம் குறைந்ததும் நடுப்பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கமராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். கோயில் வளாகத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், வெயில் ஏறினால் தரை சுடும், நிழலான மூலையாகப் பார்த்து நில்லுங்கள். மதிலுக்கு அப்பால் கால் வைக்காதீர்கள். அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை.

படி 2: தேடுவது

பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டே நிற்காதீர்கள். அதில் தெரிவது கடலின் சின்னத் துண்டுதான். முதலில் வெறுங்கண்ணால், வடக்கே புறாத் தீவில் தொடங்கித் தெற்கே கொட்டியாரக் குடாவின் வாய் வரை மெதுவாகப் பார்வையை நகர்த்துங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் அப்புறம் பைனாகுலர். 7 அல்லது 8 மடங்கு பெரிதாக்குவது போதும். 10 மடங்கு கையில் ஆடும், மதிலில் முழங்கையை ஊன்றினால்தான் சரிவரும்.

இரண்டு பேராக நிற்பது நல்லது. ஒருவர் பார்க்க, மற்றவர் எழுத. அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். கண் களைத்த பிறகு பார்ப்பது பார்த்ததாகாது.

அலையின் நுரை காற்றோடு சாய்ந்து கலைந்துவிடும். திமிங்கிலத்தின் மூச்சு நிமிர்ந்து எழும்பி, கணநேரம் நின்று, பிறகு காற்றில் இழுபட்டுப் போகும். சந்தேகம் என்றால் அதே இடத்தில் அரை நிமிடம் காத்திருங்கள். மூச்சு என்றால் சற்றுத் தள்ளி மறுபடி எழும்பும்.

படி 3: எது என்று அறிவது

நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, ஒல்லியாக, மிக உயரமாக எழும்பும். ஒன்பது மீற்றரைத் தொடும். பிறகு சாம்பல்நீல முதுகு வரும், வந்துகொண்டே இருக்கும், முதுகுத் துடுப்பு எங்கே என்று நீங்கள் கேட்கும் நேரத்தில்தான் வாலுக்குக் கிட்ட மிகச் சின்னதாக ஒரு துடுப்பு தெரியும். தலைக்கும் துடுப்புக்கும் இடையிலான அந்த நீண்ட இடைவெளிதான் நல்ல அடையாளம். சில மூச்சுகளுக்குப் பிறகு பத்து நிமிடம் அளவில் மூழ்கும். மூழ்கும்போது வாலைத் தூக்கினால் படம் எடுக்க அதுவே தருணம்.

ஸ்பேர்ம் திமிங்கிலம் வேறு மாதிரி. மூச்சு தாழ்வாக, புதராக, முன்னுக்கும் இடப்பக்கமும் சரிந்து வரும். அந்தச் சரிவு மற்றப் பெரிய திமிங்கிலங்களில் கிடையாது. நீர்மட்டத்தில் மரக்குற்றி போலப் பத்து நிமிடம் கிடந்து மூச்சு வாங்கிவிட்டு, வாலை நேரே தூக்கி ஆழத்துக்குப் போகும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் மேலே வராது.

பிரைட் திமிங்கிலம் நீலத்தைவிடச் சிறியது. பின்னோக்கி வளைந்த துடுப்பு மூச்சு விட்ட உடனேயே தெளிவாகத் தெரியும், வாலைத் தூக்குவது அரிது. துள்ளிச் சுழன்று விழுகிற கூட்டம் தெரிந்தால் அவை சுழல் டொல்பின்கள். அவற்றையும் எழுதுங்கள்.

என்ன என்று தெரியாவிட்டால் "பெரிய திமிங்கிலம், இனம் தெரியாது" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய "நீலம்" பிறகு யாருக்கும் பயன்படாது, நேர்மையாக எழுதிய "தெரியாது" பயன்படும்.

படி 4: தூரம் கணக்கிடுவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் கருவி எதுவும் வேண்டாம். கடற்கரை மணலில் நின்றால் அடிவானம் ஐந்து கிலோமீற்றரில் முடிந்துவிடும். மலையில் கண்மட்டம் ஏறத்தாழ நூறு மீற்றர் என்று வைத்தால் அது 35 கிலோமீற்றருக்குப் போய்விடுகிறது. ஆகவே மேலிருந்து பார்க்கையில், ஒரு பொருள் அடிவானத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறதோ அவ்வளவு கிட்ட இருக்கிறது.

கையை நேரே நீட்டிச் சுண்டுவிரலைப் படுக்கையாகப் பிடியுங்கள். விரலின் மேல்விளிம்பு அடிவானத்தில் பொருந்தட்டும். மூச்சு எழும்பிய இடம் விரலின் கீழ்விளிம்பில் இருந்தால் தூரம் நாலரைக் கிலோமீற்றர் அளவு. இரண்டு சுண்டுவிரல் அகலம் கீழே என்றால் இரண்டரை. நடு மூன்று விரல்களையும் சேர்த்த அகலம் என்றால் ஒரு கிலோமீற்றர் அளவு. ஆளுக்காள் விரல் வேறுபடும், கணக்கு சற்று முன்பின் இருக்கும், பரவாயில்லை. ஆனால் "தூரத்தில்" என்று மட்டும் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். உப்புவெளி, நிலாவெளி மணலில் நின்று இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அங்கே உயரம் இல்லை.

திசைக்குப் போனில் உள்ள திசைகாட்டி போதும். மூச்சு வந்த பக்கம் போனை நீட்டிப் பாகையைக் குறியுங்கள்.

படி 5: எழுதுவது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. திமிங்கிலத்தைப் பார்த்த நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். பார்க்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றுமே வராத நாளையும் எழுதுங்கள்.

காரணம் சொல்கிறேன். வெள்ளிக்கிழமையும் திருவிழாக் காலமும் கோயிலில் கூட்டம் அதிகம். பார்த்ததை மட்டும் எழுதினால், வெள்ளிக்கிழமைகளில் திமிங்கிலம் அதிகம் வருவதாகத்தான் கொப்பி சொல்லும். கூடியது ஆட்கள் என்பது அதில் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்துப் பதிவு பாதியாகக் குறைந்தால், திமிங்கிலம் குறைந்ததா, பார்க்கிறவர்கள் சோர்ந்துபோனார்களா என்றும் சொல்ல முடியாது. ஒன்றும் காணாத ஒரு மணி நேரக் காவல் நாலு இருந்தால்தான் ஐந்தாவதில் கண்ட திமிங்கிலத்துக்கு அர்த்தம் வரும்.

மாதிரிக்கு இரண்டு பதிவு:

"காலை 6.15 முதல் 7.15 வரை. சுவாமி மலை. இருவர். கடலில் சிற்றலை, நுரை இல்லை. எதுவும் தெரியவில்லை."

"காலை 7.15 முதல் 8.15 வரை. சுவாமி மலை. இருவர். சிற்றலை. 7.42க்கு 60 பாகையில், அடிவானத்துக்குக் கீழே இரண்டு சுண்டுவிரல். நேரான உயர மூச்சு நாலு. நீண்ட முதுகு, துடுப்பு தெரியவில்லை. வால் தூக்கவில்லை. நீலமாக இருக்கலாம். கிட்ட இரண்டு படகு."

"நிச்சயம்", "இருக்கலாம்", "தெரியாது" என்ற மூன்று சொல்லில் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். பார்த்ததை முதலில், முடிவைக் கடைசியில் எழுதினால், பிறகு வாசிக்கிறவர் தானே தீர்மானித்துக்கொள்ளலாம்.

படி 6: ஊராகச் சேர்வது

ஒரு வாட்ஸ்அப் குழு போதும். கோயிலடிக் கடைக்காரர் ஒருவர், கடற்றொழில் செய்யும் அண்ணன் ஒருவர், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர், அவர்களின் ஆசிரியர் என்று இருந்தால் பலம். கடலில் இறங்குகிற அண்ணன்மாரைப் பாடம் நடத்தக் கூப்பிடுங்கள், பாடம் கேட்க அல்ல. காற்று எப்போது திரும்பும், எந்தப் பக்கம் இரைமீன் கூடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரே திமிங்கிலத்தை மலையில் இருவரும் உப்புவெளியில் மூவரும் பார்த்தால் ஐந்தாக எண்ணிவிடக் கூடாது. ஒருவர் பொறுப்பெடுத்து, அன்று இரவே நேரமும் திசையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பேசி முடிவெடுங்கள்: திமிங்கிலம் நிற்கும் இடத்தை உடனுக்குடன் வெளியே பகிர்வதில்லை. குழுவில் போட்ட செய்தி பத்து நிமிடத்தில் சுற்றுலாப் படகுகளுக்குப் போய்விடும், எல்லாம் ஒரே உயிரைச் சுற்றிக்கொள்ளும். திமிங்கிலத்துக்குக் குறைந்தது 100 மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்பது நாட்டின் விதி. அதை மீறும் படகைக் கண்டால் நேரம், தூரம், படகின் இலக்கத்தோடு எழுதுங்கள். மேலே இருந்து பார்க்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும். படகோட்டியோடு சண்டை வேண்டாம், முதலில் பேசுங்கள். அவரும் ஊர்க்காரர்தான்.

படி 7: அனுப்புவது

கண்ட உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இலவசம், அதில் பதியலாம். ஒரு கவனம்: மலையில் நின்று எடுத்த படத்தைப் போட்டதும் போன் உங்கள் இருப்பிடத்தையே எடுத்துக்கொள்ளும், வரைபடத்தில் திமிங்கிலம் கோயில் வாசலில் நிற்கும். திசையையும் தூரத்தையும் வைத்துக் குறியைக் கடலுக்கு நகர்த்தி, இடம் எவ்வளவு துல்லியம் என்று காட்டும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். வால் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் ஹாப்பிவேல் தளத்துக்கும் அனுப்புங்கள், அங்கே வாலின் விளிம்பையும் அடையாளங்களையும் வைத்துத் தனித்தனித் திமிங்கிலங்களை இனங்காண்கிறார்கள். படமே இல்லாத பதிவையும், வெறுங்காவல் நேரங்களையும் ஓர் அட்டவணையில் சேர்த்து, திமிங்கில ஆய்வு செய்யும் ஓஷன்ஸ்வெல் போன்ற அமைப்பிடமோ பல்கலைக்கழக ஆய்வாளரிடமோ பயன்படுமா என்று கேளுங்கள்.

இது வீண் வேலை அல்ல. தெற்கே தேவேந்திரமுனைக்கு அப்பால் கப்பல் பாதையும் நீலத் திமிங்கிலங்களின் இரைக்களமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கப்பல் மோதித் திமிங்கிலங்கள் செத்தன. எங்கே எத்தனை தென்படுகின்றன என்ற பதிவுகள் பல ஆண்டு சேர்ந்த பிறகுதான், 2022ல் எம்.எஸ்.சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போக வைத்தது.

படி 8: கரையொதுங்கினால்

பருவம் தொடங்கும் முன்பே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலக இலக்கத்தைக் குழுவில் எல்லோரும் சேமித்து வையுங்கள். அது கிடைக்காவிட்டால் பொலிஸ், 119.

உயிரோடு ஒதுங்கினால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகெலும்பு கெட்டுவிடும். தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. ஈரச் சாரத்தை முதுகில் போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள், துளையை மூடாமல். கூட்டத்தைத் தள்ளி நிறுத்த இரண்டு பேரைத் தனியாக விடுங்கள். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையோடும் கரையோரக் காவலோடும் ஊர் மக்கள் இரவிரவாகத் தண்ணீரில் நின்று பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பினார்கள்.

செத்து ஒதுங்கியதைத் தொடாதீர்கள், நோய் தொற்றலாம், வயிற்றில் வாயு ஏறி வெடிக்கவும் கூடும். சற்றுத் தள்ளி நின்று தலை, துடுப்பு, வால், பக்கவாட்டு என்று படம் எடுங்கள். அளவு தெரிய உடலுக்குப் பக்கத்தில் மணலில் வள்ளம் வலிக்கும் துடுப்புக் கட்டை ஒன்றை வைத்து, அதன் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதுகில் வரிசையாக வெட்டுக்காயம் இருந்தால் அதைத் தனியாகவும் எடுங்கள், கப்பலின் உந்துவிசிறி அடித்ததா என்று ஆய்வாளர் பார்ப்பது அதைத்தான்.