கனடாவா, ஜெர்மனியா? ஃபீஸை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்

பி.இ. கடைசி வருடத்தில் ஆரம்பிக்கும், மேற்படிப்புக்கு எந்த நாடு என்ற இந்த விவாதம் பெரும்பாலும் இரண்டே வரியில் முடிந்துவிடும். ஜெர்மனியில் ஃபீஸ் கிடையாது, கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) ஈஸி. இரண்டுமே பாதி உண்மை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கும் முன் மீதிப் பாதியையும் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஃபீஸ். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லை என்பது சரிதான். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகம் என்றால் கேட்கவே வேண்டாம். கன்சல்டன்சிக்காரர் அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறாரா? கமிஷன் பொதுவாக அங்கிருந்துதான் வரும், அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து வராது.

மார்க் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். நம் சி.ஜி.பி.ஏ.வை ஜெர்மன் முறைக்கு மாற்றும்போது 1 தான் உச்சம், 4 என்றால் ஜஸ்ட் பாஸ். உச்சம் 10, பாஸ் 5 என்று வைத்தால், 7.5 எடுத்தவருக்கு 2.5 வரும். 7 எடுத்தவருக்கு 2.8. பல படிப்புகள் 2.5-லேயே கோடு போட்டுவிடுகின்றன. ஊரில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லிக்கொள்ளும் மார்க் அங்கே வாசலிலேயே நின்றுவிடும்.

கனடாவில் இதைவிடப் பெரிய தவறு, கிடைத்த காலேஜில் கிடைத்த டிப்ளமோவில் சேர்வது. பி.இ. முடித்தவர் ஒரு வருட போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ படித்து, ஒர்க் பெர்மிட் வாங்கி, அப்படியே பி.ஆர். என்று போன பழைய ரூட் இப்போது ரொம்பக் குறுகிவிட்டது. 2024 நவம்பர் 1-க்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, காலேஜ் டிப்ளமோ என்றால், அரசின் பட்டியலில் உள்ள துறையில் படித்தால்தான் அந்த ஒர்க் பெர்மிட். தனியார் காலேஜில் வகுப்பு நடத்தி அரசு காலேஜ் பெயரில் சான்றிதழ் தரும் கூட்டு ஏற்பாட்டில் 2024 மே 15-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது கிடையவே கிடையாது. பல்கலைக்கழக மாஸ்டர்ஸுக்குத் துறைக் கட்டுப்பாடு இல்லை. ஒரு வருடப் படிப்பாக இருந்தாலும் மூன்று வருட பெர்மிட் கிடைக்கலாம். இந்த வித்தியாசம் ஃபீஸ் வித்தியாசத்தைவிடப் பெரியது.

பெர்மிட் கிடைத்தாலும் அது பி.ஆர். ஆகிவிடாது. புள்ளிகளை வைத்து பி.ஆர்.-க்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், கனடிய அனுபவப் பிரிவுக்கு ஒரு வருடத் திறன்சார் வேலை வேண்டும். படிக்கும்போது செய்த வேலையும், அப்புறம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டதும் இதில் சேராது. 30-ஐத் தொட்டதும் வயதுக்கான புள்ளி குறையத் தொடங்கும். நான்கைந்து வருடம் ஐ.டி.யில் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், படிப்பு முடிந்து அந்த ஒரு வருட வேலையும் முடியும்போது தனக்கு என்ன வயது என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

"ஜெர்மன் மொழியெல்லாம் யார் கற்றுக்கொள்வது, கனடாவே மேல்" என்பது அடிக்கடி கேட்கும் வசனம். வேடிக்கை என்னவென்றால், 2025-ல் கனடிய அனுபவப் பிரிவின் கட்-ஆஃப் புள்ளி 500-க்கு மேலேயே நின்றபோது, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு மார்ச்சில் 379-லேயே அழைப்பு வந்தது. ஆக, அங்கேயும் ஒரு மொழி காப்பாற்றுகிறது. ஜெர்மனியில் ஆங்கிலத்திலேயே மாஸ்டர்ஸ் முடித்துவிடலாம், வேலை தேடவும் 18 மாதம் தருகிறார்கள். ஆனால் பி1 (இடைநிலை) அளவு ஜெர்மன் கூட இல்லாமல் இறங்கினால், பெரிய நகரத்து சாஃப்ட்வேர் வேலைகளைத் தாண்டிக் கதவு திறப்பது கஷ்டம். பட்டதாரி வேலைக்கான அனுமதியான ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு ஏ1 (ஆரம்பநிலை) ஜெர்மன் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை, பி1 இருந்தால் 21 மாதம். சென்னையிலேயே மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துவிட்டுப் போகலாம். அங்கே போய் பார்ட் டைம் வேலைக்கும் லேபுக்கும் நடுவில் படிப்பேன் என்பவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை.

பழைய யூடியூப் வீடியோவை நம்புவது இரண்டு நாட்டுக்கும் பொதுவான தவறு. கனடாவின் ஸ்டடி பெர்மிட்டை வேகமாகத் தந்த எஸ்.டி.எஸ். வழி 2024 நவம்பர் 8-ஆம் தேதியே மூடப்பட்டது. ஜெர்மனியில் மூன்றே வருடத்தில் குடியுரிமை தரும் வழி 2025 அக்டோபரில் நீக்கப்பட்டது, இப்போது ஐந்து வருடம். ஜெர்மன் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியும் 2025 ஜூலையோடு போய்விட்டது. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தாலும் இந்தியா அனுமதிப்பதில்லை என்பதை எந்த வீடியோவும் உரக்கச் சொல்வதில்லை.

இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கிறீர்களா? சரி, ஆனால் நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் ஜெர்மன் விசாவுக்கு அது கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15-ஐக் கடைசி நாளாக வைத்திருந்தாலும், வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச், ஏப்ரலிலேயே மூடிவிடும் படிப்புகளும் உண்டு.