செல்லுலார் ஆட்டோமேட்டாவுக்குக் கலைச்சொல் தேர்வது எப்படி?

சதுரங்களாகப் பிரித்த பரப்பில், ஒவ்வொரு சதுரமும் தன் அண்டைச் சதுரங்களைப் பொறுத்து ஒரே விதிப்படி படிப்படியாக நிலை மாறும் கணித மாதிரிகளான செல்லுலார் ஆட்டோமேட்டா பற்றித் தமிழில் கலைச்சொல் தொகுப்பு எழுத முனைபவர், எல்லா விதிகளையும் ஒருசேர இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் ஒரே விதியிலிருந்து தொடங்குவது நல்லது. ஜான் கான்வே வகுத்து, 1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் தம் பத்தியில் அறிமுகப்படுத்திய ‘கேம் ஆஃப் லைஃப்’ அதற்குப் போதும். அதில் ஒவ்வொரு சதுரமும் உயிருடன் இருக்கும் அல்லது உயிரற்று இருக்கும்; உயிருள்ள சதுரங்களின் அமைப்பையே வடிவம் என்கிறோம்.

தனி வடிவங்களின் பெயரையும் வகைகளின் பெயரையும் ஒரே முறையில் கையாளக் கூடாது. கிளைடர், பிளிங்கர், பிளாக் ஆகிய தனி வடிவங்களின் பெயர்கள் ஊர்ப்பெயர் மாதிரி. அவற்றை ஒலிபெயர்த்து அப்படியே வைத்துக்கொண்டால்தான், வாசகர் மென்பொருளிலும் பிற தொகுப்புகளிலும் அதே வடிவத்தைத் தேடி எடுக்க முடியும். வகைப்பெயரோ, வடிவம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அடிப்படைச் சொற்களை முதலில் உறுதிசெய்யுங்கள். ‘கட்டம்’ என்பது சதுரத்தையும் குறிக்கும், மாற்றத்தின் ஒரு படிநிலையையும் (தலைமுறையையும்) குறிக்கும் என்பதால், ‘இரண்டாம் கட்டத்தில் மூன்று கட்டங்கள் உயிருடன் உள்ளன’ என்று எழுத நேரும். சதுரத்துக்குச் ‘செல்’ என்றே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வகைப்பெயர்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். நின்ற இடத்திலேயே மாறி மாறிப் பழைய உருவத்துக்குத் திரும்பும் வகையான ஆசிலேட்டருக்கு மின்னணுவியலில் வழங்கும் ‘அலையியற்றி’ இங்கே பொருந்தாது. பிளிங்கர் எந்த அலையையும் இயற்றுவதில்லை, மூன்று செல்கள் கிடையாகவும் நெடுக்காகவும் மாறி மாறி நிற்கின்றன, அவ்வளவுதான். எதுவும் மாறாத ஸ்டில் லைஃபுக்கு ‘மாறா வடிவம்’, ஆசிலேட்டருக்கு ‘மீள்வடிவம்’, இடம்பெயரும் ஸ்பேஸ்ஷிப்புக்கு ‘நகர்வடிவம்’ என்று மூன்றையும் ஒரே வார்ப்பில் அமைத்தால், ஒன்றைப் புரிந்துகொண்டவர் மற்ற இரண்டையும் ஊகித்துவிடுவார். ஆனால் பெயர் தெளிவாக இருப்பதாலேயே வரையறையைத் தளர விட்டுவிடக் கூடாது. ‘சில தலைமுறைகளில் பழைய உருவத்துக்குத் திரும்புவது மீள்வடிவம்’ என்று எழுதினால், நான்கு தலைமுறைக்கு ஒருமுறை மூலைவாட்டில் ஒரு செல் தள்ளித் தன் உருவத்தை மீண்டும் பெறும் கிளைடரும் அதற்குள் வந்துவிடும். ‘அதே இடத்தில்’ என்று சேர்க்க வேண்டும். ‘இடையில் மாறி’ என்பதும் வேண்டும், இல்லையேல் நான்கு செல்களுடன் அசையாமல் இருக்கும் பிளாக்கும் நுழைந்துவிடும்.

மாறா வடிவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நிரை இடைவெளி விட்டு இரண்டு பிளாக்குகளை அருகருகே வைத்தால் எதுவும் மாறாது. அது ஒரு வடிவமா, இரண்டா? தனித்தனியாகவும் நிலைக்கக்கூடிய பகுதிகளாகப் பிரிக்க முடிவதை ‘போலி மாறா வடிவம்’ என்று தனிப்பதிவாக வைப்பதே தெளிவு.

ஆட்பெயர் கொண்ட சொற்களை அவசரப்பட்டு நீக்க வேண்டாம். ஒரு செல்லைச் சுற்றியுள்ள எட்டுச் செல்களையும் சேர்க்கும் மூர் அண்மையை ‘எட்டண்டை’ என்றும், பக்கத்தோடு பக்கம் ஒட்டிய நான்கை மட்டும் சேர்க்கும் வான் நாய்மன் அண்மையை ‘நாலண்டை’ என்றும் சொல்வது எனக்கும் பிடித்ததுதான். ஆயினும் மூர் அண்மையின் ஆரம் 2 ஆனதும், அதாவது இரண்டு செல் தொலைவு வரை எண்ணினால், அண்டைச் செல்கள் 24 ஆகிவிடுகின்றன. ‘எட்டண்டை’ அங்கே பொய்யாகிறது. ஆகவே தலைப்பில் ஆட்பெயரும், ஆரம் 1-க்கு மட்டும் என்ற குறிப்புடன் விளக்கத்தில் தமிழ்ப்பெயரும் இருக்கட்டும்.

விதிக்குறியீட்டின் வரிசையைத் தொகுப்பின் முதல் பக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். கான்வேயின் விதிப்படி, உயிருள்ள அண்டைச் செல்கள் மூன்று இருந்தால் உயிரற்ற செல் பிறக்கும்; இரண்டோ மூன்றோ இருந்தால் உயிருள்ள செல் பிழைக்கும். இதை, பிறப்பை முன்வைத்து பி3/எஸ்23 என்று இன்று எழுதுகிறார்கள் (பி பிறப்பு, எஸ் பிழைத்தல்). பழைய முறையில் பிழைத்தலே முதலில் வரும் என்பதால் அது 23/3 ஆகும். எழுத்தில்லாமல் எண்களை மட்டும் கொடுத்தால், வாசகர் வேறொரு விதியை ஓட்டிப் பார்த்துவிட்டு உங்கள் வரையறையைச் சந்தேகிப்பார்.