புது எஸ்எஸ்டி மாட்டியாச்சு, விண்டோஸில் காணோமா?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த எஸ்எஸ்டியை (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) மாட்டியாகிவிட்டது. 'திஸ் பிசி'யைத் திறந்தால் பழைய சி, டி மட்டும்தான் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் இந்த இடத்திலேயே "பீஸ் போச்சுண்ணா" என்று கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பொறுங்கள். உள்ளே மாட்டும் புது டிரைவ் பெரும்பாலும் ஃபார்மட் ஆகாமல்தான் வரும். அதை நாம்தான் தயார் செய்ய வேண்டும்.

படி 1: பயாஸில் பாருங்கள்

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் செட்டிங் திரை. ரீஸ்டார்ட் செய்து, திரை வந்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஸ்டோரேஜ் பகுதியில் டிரைவின் பெயர் இருந்தால் நேராகப் படி 3.

படி 2: பயாஸிலும் இல்லையென்றால்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்ட பிறகு உள்ளே கை வையுங்கள். கேபிளில் இணைக்கும் சாட்டா டிரைவுக்கு இரண்டு கேபிள் வேண்டும்: டேட்டாவுக்கு ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை பெட்டி) பவருக்கு ஒன்று. பவரை மறப்பவர்கள் நிறைய. காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காற்று முனைகளை அரித்துவிடும். கேபிள் முனை பச்சை பூத்திருந்தால் புதுசு மாற்றுங்கள். போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

எம்.2 டிரைவ் (மதர்போர்டிலேயே செருகும் சின்னப் பட்டை) என்றால் மதர்போர்டு கையேட்டைப் புரட்டியே ஆக வேண்டும். என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை) மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை எம்.2 கச்சிதமாக உட்காரும், ஆனால் கணினியில் தெரியாது. சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது.

படி 3: டிஸ்க் மேனேஜ்மென்ட்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். 'நாட் இனிஷியலைஸ்டு' என்று ஒரு டிஸ்க் தெரியும். இனிஷியலைஸ் செய்யச் சொல்லி, அதாவது டிஸ்க்கை விண்டோஸுக்குத் தயார்படுத்தச் சொல்லி, ஒரு பெட்டியும் வரலாம்.

இங்கே கொஞ்சம் நிதானம். டிரைவ் புதுசா? அப்படியானால் தயங்காமல் ஓகே கொடுங்கள். பழைய கணினியிலிருந்து கழற்றியது, உள்ளே கல்யாண ஃபோட்டோக்கள் இருக்கின்றன என்றால் கேன்சல்தான். இனிஷியலைஸோ ஃபார்மட்டோ செய்தால் அந்த ஃபைல்களை மீட்பது பெரும்பாடு. டிஸ்க் எண்ணையும் அளவையும் இரண்டு முறை சரிபாருங்கள்.

எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும். டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் இரண்டு முறைகள் இவை. இன்றைய கணினிக்கு ஜிபிடி. எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது.

படி 4: வால்யூம்

கறுப்புப் பட்டையோடு 'அன்அலோகேட்டட்' என்றிருக்கும் இடத்தில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட். என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட் அப்படியே இருக்கட்டும். முடிந்ததும் 'திஸ் பிசி'யில் வந்துவிடும்.

1 டிபி வாங்கியது அங்கே 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 வீதம் எண்ணுகிறது. உங்கள் இடம் முழுசாகத்தான் இருக்கிறது.