காலி அட்டைப்பெட்டி: பரணுக்கா, பழைய பேப்பர் கடைக்கா?

புதிதாக வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அது வந்த பெட்டியைக் கிழிக்காதீர்கள். அதன்பின் வாரண்டிக்குப் பெரும்பாலும் பில்லும் சீரியல் எண்ணும் போதும். எண் ஒட்டிய அட்டையை மட்டும் வெட்டி, பில்லோடு பின் அடித்து வையுங்கள்.

வாடகை வீடா? டிவி வந்த அட்டைப்பெட்டியை விடவே வேண்டாம். வீடு மாற்றும்போது திரையைக் காப்பது மூலைகளில் கச்சிதமாக உட்காரும் தெர்மாகோல்தான். அது உடைந்துபோனால் வெறும் அட்டையால் பெரிய பயனில்லை. மிக்ஸி, குக்கர் பெட்டிகள் போகட்டும், பழைய துணியில் சுற்றினாலே தாங்கும். ஃபிரிட்ஜ் பெட்டிக்கு இடம் யாரிடம் இருக்கிறது?

வைப்பதென்றால் அடிப்பக்க டேப்பை பிளேடால் கீறித் தட்டையாக மடியுங்கள். தெர்மாகோல் துண்டுகளில் 'இடது மேல்', 'வலது கீழ்' என்று மார்க்கரில் எழுதி, சாக்கில் கட்டுங்கள். ஈரச் சுவரை ஒட்டி வைத்தால் கரையான் ஏறும். சமையலறைப் பரணில் கரப்பான் குடியேறும்.

பழைய பேப்பர் கடையில் போடும்போது முகவரி லேபிளைக் கிழித்துவிடுங்கள்.