டியூப்பை எடுக்கும் முன் கட்டைவிரலை அளந்து பாருங்கள்

அறுவை முடிந்ததும் நோயாளி கண் திறக்கிறார், சொன்னபடி தலையைத் தூக்குகிறார், மூச்சும் நன்றாக இழுக்கிறார். இதை மட்டும் நம்பி, மூச்சுக்குழாயில் போட்ட டியூப்பை எடுத்துவிடாதீர்கள். ரோகுரோனியம், வெக்குரோனியம், அட்ராகூரியம் போன்ற, அறுவைக்காகக் கொடுக்கும் தசைத் தளர்வு மருந்துகள் எல்லாமே நரம்பும் தசையும் சேரும் இடத்தில் சமிக்ஞையைத் தடுப்பவை. அந்தத் தடுப்பு விலகும்போது உதரவிதானம் சீக்கிரம் மீளும், தொண்டைத் தசைகள் பின்தங்கும். மூச்சு விடுகிற அதே ஆளுக்கு எச்சில் நுரையீரலுக்குள் இறங்குவது இதனால்தான். பிறகு ஆக்ஸிஜன் குறையும், நிமோனியா வரும், சிலருக்கு மறுபடி டியூப் போட வேண்டியிருக்கும்.

28 ஐரோப்பிய நாடுகளில் 22,000-க்கும் மேற்பட்டோரைக் கவனித்து 2019-ல் வெளிவந்த 'பாப்புலர்' ஆய்வில், தளர்வு மருந்து பெற்றவர்களுக்கு நுரையீரல் சிக்கல் கூடுதலாக இருந்தது. நரம்பைத் தூண்டித் தசை அசைவை அளக்கும் கண்காணிப்புக் கருவி வைத்தவர்களுக்கும், ரிவர்சல் (தளர்வை முறிக்கும் மருந்து) கொடுத்தவர்களுக்கும்கூட அது குறையவில்லை. கருவியைப் பெயருக்கு ஒட்டிவைத்தால் பயனில்லை என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளி மயங்கிய பிறகு, தளர்வு மருந்து ஏற்றுவதற்கு முன் கருவியை ஒட்டுங்கள். மணிக்கட்டின் சுண்டுவிரல் ஓரத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். கறுப்பு எலக்ட்ரோடு மடிப்புக்கு 1 செ.மீ. மேலே, மற்றது அதற்கும் 3 செ.மீ. மேலே. சென்சார் கட்டைவிரலில். உடனே காலிபரேஷன் செய்து (கருவியை அந்த நோயாளிக்கு ஏற்பச் சரிப்படுத்தி), மருந்துக்கு முந்தைய விகிதத்தை, அதாவது நான்காவது அசைவை முதலாவதால் வகுத்த எண்ணை, குறித்துவையுங்கள். சென்சார் அசைவின் வேகத்தை அளக்கும் வகை என்றால் அந்த எண் 1.15 என்றுகூட வரும். அப்படி வந்தவருக்குக் கடைசியில் திரை காட்டும் 0.9, உண்மையில் 0.78தான். குறிக்க மறந்தால் இது தெரியவே வராது.

பி.பி. பட்டை கட்டிய கை வேண்டாம். துணிக்குள் இறுக்கி வைத்த கையில் கட்டைவிரல் இடித்து அளவு கெடும். புருவத்தில் வைத்தால் அந்தத் தசை முந்திக்கொண்டு மீண்டு ஏமாற்றும். ரிவர்சலுக்கு முன் கைக்கு மாற்றுங்கள்.

கருவி அரை வினாடி இடைவெளியில் நரம்பை 4 முறை தூண்டும், கட்டைவிரலில் 4 துடிப்பு வரும். நான்காவதன் அளவை முதலாவதால் வகுத்தால் விகிதம். விரலால் தொட்டுப் பார்த்தால் 0.4-க்கு மேல் வித்தியாசம் புலப்படாது. 5 வினாடி தலைதூக்குவதை 0.6-லேயே பலர் செய்துவிடுவார்கள்.

ரோகுரோனியத்துக்கும் வெக்குரோனியத்துக்கும் ரிவர்சல் மருந்து சுகாமாடெக்ஸ்: 2 துடிப்பு தெரிந்தால் கிலோவுக்கு 2 மி.கி.; 4 துடிப்பும் இல்லாமல் டெட்டனிக் தூண்டலுக்குப் (விட்டுவிடாமல் வேகமாகத் தரும் தொடர் தூண்டல்) பின் 1, 2 அசைவு மட்டும் வந்தால் 4 மி.கி. அட்ராகூரியத்தை இது தொடாது, அதற்கு நியோஸ்டிக்மின்தான். விகிதம் 0.4 தாண்டிய பிறகு கிலோவுக்கு 0.04 மி.கி.: 60 கிலோ ஆளுக்கு 2.4 மி.கி., கூடவே இதயத் துடிப்பு குறையாமல் காக்கும் கிளைக்கோபைரோலேட் சுமார் 0.5 மி.கி. கொடுத்து 10 நிமிடமாவது காத்திருங்கள். தடுப்பு ஆழமாக இருக்கும்போது டோஸைக் கூட்டிப் பலனில்லை, நியோஸ்டிக்மினின் வேலைக்கு உச்சவரம்பு உண்டு.

டியூப்பை எடுக்க விகிதம் 0.9 என்பது குறைந்தபட்சம், 0.95 வரை பொறுப்பது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குச் சுகாமாடெக்ஸ் கொடுத்திருந்தால், 7 நாள் வேறு கருத்தடை முறையும் சேர்த்துக்கொள்ளும்படி வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் தாளிலும் எழுதுங்கள்.