பாதியில் நின்ற கைவேலையை எப்போது விட்டுவிடலாம்?

பாதி பின்னிய கம்பளிச் சட்டை, வண்ணம் பூசாத அலமாரி என்று முடிக்கப்படாத வேலைகள் வீட்டில் சேரும்போது, ஒவ்வொன்றையும் குறித்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது இன்னும் தொடங்கப்படவே இல்லை என்றால், இன்று இதைப் புதிதாகத் தொடங்குவீர்களா?

ஏற்கெனவே செலவிட்ட பணமும் உழைப்பும் திரும்பி வராதவை என்றாலும், அவற்றுக்காகவே ஒரு செயலைத் தொடர முனைகிறோம் என்பதை உளவியலாளர்கள் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினர். ஆகவே எவ்வளவு செய்தாகிவிட்டது என்பதை ஒதுக்கிவிட்டு, மீதி வேலைக்கு எவ்வளவு நேரமும் எந்தப் பொருள்களும் தேவை, முடிந்தபின் அதை யார் பயன்படுத்துவார் என்பதை மட்டும் எழுதிப் பாருங்கள். கைக்குழந்தைக்கென்று தொடங்கிய உடை, அந்தக் குழந்தை பள்ளிக்குச் செல்லும் வயதில் அதற்குப் பயன்படப்போவதில்லை.

தொடர்வதென்றால், அடுத்து செய்ய வேண்டியதையும் அதற்கான நாளையும் நாட்காட்டியில் குறியுங்கள். அந்த நாளும் தொடாமலே கடந்தால், அதையே விடையாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. மறைந்த உறவினர் தொடங்கிவைத்த வேலை மட்டும் இதற்கு விலக்கு. அதில் அவசரமே வேண்டாம். மூடப்படாத மின்கம்பியையோ கசியும் குழாயையோ அப்படியே விடக் கூடாது. தொழில் தெரிந்தவரைக் கொண்டு முடித்துவிடுங்கள்.

விடுவதாக முடிவு செய்ததை உடனே பிரித்துவிடுங்கள். பின்னலை அவிழ்த்தால் நூல் மிஞ்சும், திருகாணியும் கீலும் வேறு வேலைக்கு உதவும். திறந்த பசையும் வண்ணமும் நாளடைவில் இறுகிவிடும் என்பதால், அவை நல்ல நிலையில் இருக்கும்போதே தேவைப்படுவோரிடம் கொடுத்துவிடுங்கள்.