சந்தையில் எலிக்காய்ச்சலைத் தடுக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் வடசேரி, மார்த்தாண்டம் போன்ற சந்தைகளில் எலிக்காய்ச்சலைத் தடுக்க முனைவோர், பொறி வைக்கும் முன், கடை அடைத்தபின் அழுகிய காய்கறியையும் மீன் கழிவையும் அகற்றுவது யார் பொறுப்பு என்று கேட்டறிய வேண்டும். பல இடங்களில் அது எவர் பொறுப்புமாக இராது. எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி, தேங்கிய நீர் வழியே கால் வெடிப்பிலும் புண்ணிலும் நுழைவதால், வெறுங்காலுடன் சுமை இறக்குபவர்களுக்கும் ஈரத்தரையில் அமர்ந்து மீன் விற்கும் பெண்களுக்குமே ஆபத்து அதிகம்.

இரு பருவமழையும் பெறும் இம்மாவட்டத்தில், ஜூன் மாதத்திற்கு முன்பே ஓடைகளைத் தூர்வாருங்கள். விற்காத சரக்கைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க இடம் ஒதுக்குங்கள். ரப்பர் பூட்ஸ் வாங்கும் செலவைத் தினக்கூலியின் தலையில் கட்டினால் அவர் அதை வாங்கமாட்டார். அது குத்தகைதாரர் ஏற்க வேண்டிய செலவு என்பதே என் கருத்து. காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் தோன்றினால், கூலி போகுமென்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சென்று, தாம் சந்தையில் வேலை செய்வதையும் சொல்லும்படி தொழிலாளர்களுக்கு அறிவுறுத்துங்கள்.